கடைசிக் காட்சி என்னும் ஆசை: 'செல்லோ ஷோ' திரைப்படமும் வீட்டு புரொஜெக்டரின் பராமரிப்பும்

'செல்லோ ஷோ' என்பது பான் நளின் இயக்கிய குஜராத்தி மொழித் திரைப்படம். பெயரின் பொருள் 'கடைசிக் காட்சி'. 2021 ஜூன் மாதம் நியூயார்க்கின் டிரைபெக்கா திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டது; 2022 அக்டோபரில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. 95-ஆவது ஆஸ்கர் விருதுக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டு, 15 படங்கள் கொண்ட குறும்பட்டியலில் இடம் பெற்றது. சமய் என்னும் சிறுவனாக நடித்த பவின் ரபாரிக்குச் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது கிடைத்தது.

இப்படத்தின் நடிப்பு, ஒளிப்பதிவு, பழைய மேதைகளுக்குச் செலுத்தும் வணக்கம் ஆகியவை பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். இக்கட்டுரை வேறொரு கோணத்தை எடுத்துக்கொள்கிறது. படத்தின் நடுவில் இருப்பது ஓர் இயந்திரம். அந்த இயந்திரத்தை இப்படம் எவ்வளவு தூரம் புரிந்துகொண்டிருக்கிறது? அதன் முடிவாக இப்படம் காட்டுவது, வீட்டுப் பரணில் 8 மி.மீ. புரொஜெக்டரையும் சில பிலிம் சுருள்களையும் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்குச் சரியான வழிகாட்டியா? இவையே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் கேள்விகள்.

கதைச் சுருக்கம்

சௌராஷ்டிரப் பகுதியின் சலாலா ரயில் நிலையத்தில் தேநீர் விற்பவரின் மகன் சமய். ஒரு பக்திப் படத்துக்காகக் குடும்பம் திரையரங்கு செல்கிறது. அன்று அவன் கண்டது கதையை விட, தலைக்கு மேலே பாய்ந்து செல்லும் ஒளிக்கற்றையைத்தான். பள்ளிக்கு மட்டம் போட்டு 'கேலக்ஸி' திரையரங்குக்குப் போகிறான். அங்கே ஆபரேட்டர் ஃபஸலுடன் ஓர் ஒப்பந்தம். அம்மா கட்டித் தரும் சாப்பாட்டு டப்பா ஃபஸலுக்கு. ஆபரேட்டர் அறையிலிருந்து இலவசமாகப் படம் பார்ப்பது சமய்க்கு. பிறகு சமயும் நண்பர்களும் ரயிலில் வரும் பிலிம் சுருள்களைத் திருடி, கையில் கிடைத்த பழைய சாமான்களைக் கொண்டு தாங்களே ஒரு புரொஜெக்டர் செய்கிறார்கள். ஒலி இல்லாத குறையைத் தாங்களே ஒலி எழுப்பித் தீர்த்துக்கொள்கிறார்கள். இறுதியில் திரையரங்குக்கு டிஜிட்டல் கருவி வருகிறது. பழைய புரொஜெக்டர் லாரியில் ஏற்றப்படுகிறது. சமய் அதன் பின்னாலேயே போகிறான். இரும்பு உருக்கப்பட்டுக் கரண்டிகளாகிறது. பிலிம் சுருள்கள் வண்ண வளையல்களாகின்றன.

சிறுவர்களின் கருவி: படத்தின் சிறந்த பகுதி

சிறுவர்கள் புரொஜெக்டர் செய்யும் பகுதிதான் இப்படத்தின் உயிர். தமிழ்நாட்டில் 1960-கள், 70-களில் வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. டூரிங் டாக்கீஸில் அறுந்து விழுந்த துண்டு பிலிம்களைப் பொறுக்கி வருவது, ஃபியூஸ் போன பல்பின் அடிப்பகுதியை உடைத்து உள்ளே தண்ணீர் ஊற்றி அதையே லென்ஸ் ஆக்குவது, வாசலில் ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை வீட்டுக்குள் திருப்புவது, சுவரில் வேட்டியைக் கட்டிப் படம் காட்டுவது ஆகிய எல்லாம் தருமபுரி மாவட்டத்து ஊர்களிலும் நடந்தவைதாம். ஒரு துண்டு பிலிமுக்கு ஒரு கோலிக்குண்டு என்று பண்டமாற்றும் உண்டு.

அந்த விளையாட்டில் எம்.ஜி.ஆர். தோன்றுவார், ஆனால் கை ஓங்கியபடியே நிற்பார், அடி விழாது. பிலிமை வேகமாக இழுத்தால் அசைவு வரும் என்று எல்லாச் சிறுவர்களும் ஒருமுறையாவது இழுத்துப் பார்த்திருப்பார்கள். சுவரில் தெரிவது அசைவு அல்ல. செங்குத்தாக ஓடும் கோடுகளின் கலங்கல். ஒளி இருக்கிறது, லென்ஸ் இருக்கிறது, பிலிம் இருக்கிறது. ஆனாலும் சினிமா இல்லை. இல்லாதது எது?

இல்லாதது நிறுத்தம். சினிமா ஓடுவதாக நாம் சொல்கிறோம். உண்மையில் ஒவ்வொரு படமும் ஒளியின் முன் வந்து அசையாமல் நிற்க வேண்டும். அது நிற்கும்போது மட்டும் ஒளி அதன் வழியாகச் செல்ல வேண்டும். அடுத்த படத்துக்கு நகரும் கணத்தில் ஒளி மறைக்கப்பட வேண்டும். இழுத்து, நிறுத்தி, மறைத்து, மீண்டும் இழுக்கும் இந்த ஒழுங்குதான் புரொஜெக்டர். மற்றவை எல்லாம் மாயவிளக்குக் காலத்திலேயே இருந்தவை. பிலிம் துண்டும் வெயிலும் வைத்து விளையாடிய நம் சிறுவர்களுக்கும் சமயின் கூட்டாளிகளுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: அவர்கள் நிறுத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒளியைத் துரத்துவதில் தொடங்கும் முயற்சி இயந்திரத்தில் போய் முடிகிறது என்பதை இப்படம் புரிந்துகொண்டிருக்கிறது. அது பாராட்டத்தக்கது. அந்தக் கண்டுபிடிப்பை விளையாட்டின் வேகத்திலேயே படம் சொல்லிச் செல்கிறது. மாணவர்கள் நலன் கருதி நாம் அங்கே சற்று நிற்கலாம்.

நிறுத்தி ஓட்டும் இயந்திரம்

திரையரங்கின் 35 மி.மீ. புரொஜெக்டரில் இந்த வேலையைச் செய்வது 'மால்டாச் சிலுவை' எனப்படும் நான்கு பிளவுகள் கொண்ட சக்கரம். தொடர்ந்து சுழலும் ஒரு தட்டில் உள்ள முளை, சுற்றுக்கு ஒருமுறை சிலுவையின் ஒரு பிளவில் நுழைந்து அதைக் கால் சுற்று திருப்பிவிட்டு வெளியேறும். ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 1/24 வினாடி. அதில் ஏறக்குறைய கால் பங்கு நேரம் பிலிம் நகர்கிறது; முக்கால் பங்கு நேரம் நிற்கிறது.

வீட்டு புரொஜெக்டரில் பெரும்பாலும் சிலுவை இருக்காது. அங்கே இருப்பது 'கிளா' எனப்படும் சிறு நகம். மோட்டாரால் சுழலும் கேம் என்ற ஒழுங்கற்ற வட்டம் அந்த நகத்தை முன்னே தள்ளிப் பிலிம் ஓரத் துளையில் நுழைக்கும், கீழே இழுக்கும், பின்னால் வாங்கும், மேலே கொண்டு செல்லும். 1895-இல் லூமியேர் சகோதரர்கள் செய்த சினிமாட்டோகிராஃப் கருவியிலும் நகம்தான் இருந்தது. தையல் இயந்திரம் துணியை விட்டு விட்டு நகர்த்துவதைப் பார்த்து லூயி லூமியேருக்கு அந்த யோசனை தோன்றியது. வீட்டில் தையல் இயந்திரம் உள்ள மாணவர்கள் ஊசிக்குக் கீழே உள்ள பல் தகட்டைக் கவனித்தால் போதும். புரொஜெக்டரின் இதயம் விளங்கிவிடும்.

நகத்தை இயக்கும் அதே அச்சில்தான் பெரும்பாலும் ஷட்டரும் சுழலும். மூன்று இதழ் கொண்ட ஷட்டரில் ஓர் இதழ் பிலிம் நகர்வதை மறைக்கிறது. மற்ற இரண்டும் எதையும் மறைப்பதற்கு அல்ல. திரையில் மினுக்கல் தெரியாமலிருக்க ஒளியை வேண்டுமென்றே வெட்டுவதற்கு. மௌனப் படக் காலத்து வேகமான வினாடிக்கு 16 சட்டகங்களில் மூன்று இதழ் 48 முறை ஒளியை அனுப்பும். பேசும் படத்தின் 24 சட்டகங்களுக்கு இரண்டு இதழே அதே 48-ஐத் தரும்.

நகம் வெட்டி வெட்டி இழுக்கிறது. ஆனால் மேலுள்ள சுருள் சீராகச் சுழல வேண்டும். இரண்டுக்கும் சமாதானம் செய்வது 'லூப்' எனப்படும் தளர்வான வளைவு. கேட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. இந்த வளைவு தொலைந்துவிட்டால் திரையில் படம் துள்ளும். நகம் துளைகளைக் கிழிக்கத் தொடங்கும்.

பார்த்து முடிந்த பிலிமைச் சுற்றிக்கொள்ளும் கீழ்ச்சுருளிலும் ஒரு நுட்பம் உண்டு. தொடக்கத்தில் சுருள் மெலிந்திருக்கும். வேகமாகச் சுழல வேண்டும். பிலிம் சேரச் சேரப் பருத்துவிடும். மெதுவாகச் சுழல வேண்டும். ஆகவே அதை இறுக்கமாக மோட்டாரோடு பூட்ட முடியாது. வழுக்கிக் கொடுக்கும் பெல்ட் அல்லது உராய்வுத் தட்டு அங்கே வேண்டும். ஒலி உள்ள 16 மி.மீ. கருவியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒலி படத்துக்கு 26 சட்டகங்கள் முன்னால், அதாவது சுமார் 20 செ.மீ. தள்ளிப் பதிந்திருக்கும். கேட்டில் நின்று நின்று வரும் அதே பிலிம், அந்த 20 செ.மீ. கடந்ததும் ஒலிப்பகுதியில் துளியும் தடுமாறாமல் ஓட வேண்டும். கனமான சுழல்சக்கரம் ஒன்று இதைச் சாதிக்கிறது.

இயந்திரத்தைப் பார்க்கும் பிற படங்கள்

ஆபரேட்டர் அறையைக் களமாகக் கொண்ட படங்களில் பரவலாக அறியப்பட்டது ஜுசெப்பே டோர்னடோரேயின் 'சினிமா பாரடைசோ' (1988). 'செல்லோ ஷோ'வை அதனோடு ஒப்பிடாதவர் இல்லை. அதில் நைட்ரேட் பிலிம் தீப்பற்றி ஆபரேட்டர் ஆல்ஃபிரடோ பார்வை இழக்கிறார். தமிழில் வசந்தபாலனின் 'வெயில்' (2006) படத்தில் வீட்டை விட்டு ஓடிய முருகேசன் திரையரங்கு ஆபரேட்டராகிறான். அங்கே கவனம் அவன் வாழ்க்கையின் மீது, கருவியின் மீது அல்ல.

இந்த வரிசையில் கருவியைக் கருவியாகவே மதித்த படம், ஷெர்லி ஆபிரகாம், அமித் மதேஷியா இருவரும் இயக்கிய 'தி சினிமா டிராவலர்ஸ்' (2016) என்னும் ஆவணப்படம். மகாராஷ்டிரத்தின் டெண்ட் கொட்டகைகளைப் பின்தொடரும் இப்படத்தில் பிரகாஷ் என்ற புரொஜெக்டர் மெக்கானிக் வருகிறார். பல்சக்கரங்கள் எண்ணெயில் மூழ்கிச் சுழலும்படி தாமே வடிவமைத்த கருவியை அவர் காட்டும் இடத்தில், துயரத்தை விடப் பெருமிதமே மேலோங்குகிறது. 'இது எப்படித் தேயும், தேயாமலிருக்க என்ன செய்யலாம்' என்று வாழ்நாளெல்லாம் யோசித்தவரின் பெருமிதம் அது. 'செல்லோ ஷோ'வில் ஃபஸல் அன்பானவர், சாப்பாட்டுப் பிரியர். ஆனால் எண்ணெய்க் கையோடு அவர் நம் நினைவில் நிற்பதில்லை. பராமரிப்பு என்ற ஒன்று அப்படத்தின் உலகில் இல்லை. கருவி முதலில் அதிசயமாக இருக்கிறது, பிறகு பிணமாகிறது. நடுவில் உள்ள நீண்ட காலம் காணவில்லை.

ஒரே பிரதி

கதைப்படத்தில் இது பெரிய குறையா என்று கேட்கலாம். திரையரங்கைப் பொறுத்தவரை பெரிய குறை இல்லை. அங்கே ஓடும் பிலிம், பல பிரதிகளில் ஒன்று. ஒன்று வளையலானாலும் மூலம் வேறெங்கோ இருக்க வாய்ப்புண்டு. வீட்டுப் படத்தின் கதை அப்படியல்ல.

வீட்டில் படம் எடுப்பதற்கென்றே பாத்தே நிறுவனம் 1922-இல் 9.5 மி.மீ. பிலிமையும், கோடாக் நிறுவனம் 1923-இல் 16 மி.மீ. பிலிமையும், 1932-இல் 8 மி.மீ. பிலிமையும் கொண்டுவந்தன. சூப்பர் 8 வந்தது 1965-இல். தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான ஆண்டும் அதுவே. வீட்டுப் பிலிம்கள் எளிதில் தீப்பற்றாத அசிட்டேட் வகையைச் சேர்ந்தவை. ஆகவே ஆல்ஃபிரடோவுக்கு நேர்ந்தது வீட்டில் நேராது. ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை 'ரிவர்சல்' பிலிம்கள். அதாவது கேமராவுக்குள் இருந்த அதே பிலிம் கழுவப்பட்டு நேர்ப்படமாகி, அதுவே புரொஜெக்டரில் ஓடுகிறது. நெகட்டிவ் கிடையாது. 1970-இல் நடந்த ஒரு திருமணத்தின் 50 அடிச் சுருளை யாரேனும் கீறிவிட்டால், அந்தக் கீறல் அந்தத் திருமணத்தின் மீதே விழுந்தது போலத்தான்.

50 அடி சூப்பர் 8 பிலிமில் அடிக்கு 72 சட்டகங்கள் வீதம் 3,600 சட்டகங்கள். வினாடிக்கு 18 என்று ஓட்டினால் 3 நிமிடம் 20 வினாடி. ஒரு பாட்டி நடந்து வந்தது, ஒரு தாத்தா சிரித்தது, இடிக்கப்பட்ட ஒரு வீட்டின் திண்ணை என்று எல்லாமே இந்த 200 வினாடிக்குள். மலேயா, சிங்கப்பூர், இலங்கை என்று போய்வந்தவர்கள் மூலம் இத்தகைய சுருள்கள் தமிழ்நாட்டின் சிற்றூர்களுக்கும் வந்து சேர்ந்தன.

இந்த இடத்தில்தான் 'செல்லோ ஷோ'வின் முடிவோடு எனக்கு மாறுபாடு. கருவியும் பிலிமும் ஒரே வகையாக, ஒரே நேரத்தில் சாவதாக அப்படம் காட்டுகிறது. கரண்டியும் வளையலும் சமமான இரண்டு அழகிய படிமங்கள். வீட்டில் அவை சமமல்ல. கருவி போனால் இன்னொன்று தேடலாம்; சுருள் போனால் தேட இடமில்லை. மேலும், 'எல்லாம் முடிந்துவிட்டது, கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம்' என்ற உணர்ச்சியை இத்தகைய படங்கள் ஊட்டுகின்றன. வீட்டுப் பிலிமைக் கொல்வது பெரும்பாலும் அந்தக் கடைசிக் காட்சிதான்.

பாலக்கோடு பகுதியில் ஒரு வீட்டில் இதை நேரில் கண்டேன். முப்பது ஆண்டுக்கு மேல் பரணில் கிடந்த 8 மி.மீ. கருவியை, பேரப்பிள்ளைகள் வந்திருந்த விடுமுறையில் இறக்கினார்கள். மோட்டார் சுழன்றது, விளக்கும் எரிந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. குடும்பத்தின் ஒரே திருமணச் சுருளையே முதலில் மாட்டினார்கள். கீழ்ச்சுருளின் பெல்ட் இற்றுப் போயிருந்ததை இருட்டில் யாரும் கவனிக்கவில்லை. பிலிம் தரையில் குவிந்தது. குழந்தைகளின் காலடியில் மண்ணோடு அரைபட்டது. விளக்கைப் போட்டபோது ஏறக்குறைய பாதிச் சுருள் மடிந்து, கீறி, சில இடங்களில் துளை கிழிந்து கிடந்தது. முப்பது ஆண்டுகள் பரணில் கெடாமல் இருந்தது இரண்டே நிமிடத்தில் கெட்டது.

எது எப்படிப் பழுதாகும்?

பழைய கருவியை மின்சாரத்தில் பொருத்துமுன் பார்க்க வேண்டியவை இவை. நகத்தின் வேலையையும் நிறுத்தத்தின் தேவையையும் புரிந்துகொண்டவர்களுக்கு ஒவ்வொன்றின் காரணமும் தானே விளங்கும்.

*பெல்ட்:* பழைய கருவிகள் சிலவற்றில் கம்பிச்சுருள் பெல்ட் இருக்கும். அது நெடுநாள் உழைக்கும். ரப்பர் பெல்ட் காலப்போக்கில் நீண்டு தொய்யும், அல்லது வெடிக்கும், சில சமயம் தார் போல உருகிக் கப்பியில் ஒட்டிக்கொள்ளும். உருகியதை முழுவதும் துடைத்தெடுத்த பின்பே புது பெல்ட் மாட்ட வேண்டும். புது பெல்ட் அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தால் மோட்டாரின் அச்சு ஒரு பக்கமாகத் தேயும்.

*உரசி ஓட்டும் ரப்பர் உருளை:* சில கருவிகளில் பெல்டுக்குப் பதில் ரப்பர் உருளை ஒன்று தட்டில் உரசி ஓட்டும். ஓடும் நிலையிலேயே விசையை விட்டுப் பல ஆண்டு வைத்திருந்தால் உருளையில் ஓரிடம் தட்டையாகிவிடும். பிறகு ஓடும்போது 'தட் தட்' என்று அடிக்கும். வேகமும் ஏறி இறங்கும்.

*பிளாஸ்டிக் பல்சக்கரம்:* 16 மி.மீ. கருவிகளில் இது முக்கியம். பெல் அண்ட் ஹவல் நிறுவனத்தின் பிற்காலக் கருவிகளில் உள்ள பிளாஸ்டிக் புழுப்பல் சக்கரம் வயதானால் வெடிப்பதற்குப் பெயர் போனது. உலகெங்கும் இதற்கு மாற்றுச் சக்கரம் செய்து பொருத்துகிறார்கள். கையால் சுழற்றும்போது ஓரிடத்தில் மட்டும் இறுக்கமோ தளர்ச்சியோ தெரிந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

*எண்ணெய்:* பழைய கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருக்கும். அதன் மேலேயே புது எண்ணெய் விட்டால் பயனில்லை. முதலில் துடைத்தெடுக்க வேண்டும். பிறகு அச்சுகளுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி போதும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. கதவுக் கீலிலிருந்து மிதிவண்டி வரை அதையே விடும் பழக்கம் நம்மிடம் உண்டு. மார்கழிக் குளிரில் அது உறையும், நாளடைவில் பிசினாகும். பெல்ட், ரப்பர் உருளை, கேட் ஆகியவற்றில் எந்த எண்ணெயும் படக்கூடாது.

*கேட்:* பிலிம் நின்று நின்று செல்லும் சந்து இது. பழைய பிலிமிலிருந்து உதிர்ந்த பூச்சும் தூசியும் இங்கே கெட்டியாகப் படிந்திருக்கும். பிலிமில் காணும் நெடுங்கோட்டுக் கீறல்களில் பெரும்பாலானவை இங்குதான் பிறக்கின்றன. மென்மையான தூரிகை, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு, பிடிவாதமான அழுக்குக்கு மரக் குச்சி போதும். கத்தி, ஊசி, ஸ்க்ரூ டிரைவர் ஆகாது. உலோகத்தில் விழும் ஒரு கீறல், இனி ஓடும் ஒவ்வொரு பிலிமிலும் விழும்.

*மின்சாரம்:* அமெரிக்காவிலிருந்து வந்த கருவிகள் 110 வோல்ட்டுக்கானவை. முதுகில் உள்ள தகட்டைப் படிக்காமல் நம் 230 வோல்ட்டில் சொருகினால் விளக்கும் மோட்டாரும் போய்விடும். வயரின் ரப்பர் உறை உதிர்ந்திருந்தால் உலோக உடலிலேயே மின்சாரம் பாயும். முதல் சோதனையை எலெக்ட்ரீஷியன் துணையோடு, சீரிஸ் பல்பு வழியாகச் செய்வது நல்லது. பழுது இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து காட்டிக்கொடுக்கும். ஹாலோஜன் விளக்கைத் துணியால்தான் பிடிக்க வேண்டும். விரல் பிசுக்கு பட்ட இடம் சூட்டில் கெடும்.

இவையெல்லாம் முடிந்ததும் கருவியைக் கையாலேயே சில சுற்று சுழற்றிப் பார்க்க வேண்டும். அடுத்து மின்சாரத்தில் வெறுமனே ஓட்ட வேண்டும். பிறகு உதவாத பிலிம் ஒன்றை ஓட்டி, அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குடும்பப் பிலிமின் முறை இதற்குப் பிறகுதான், அதுவும் பிலிம் தகுதியாக இருந்தால் மட்டுமே.

பிலிமின் நாடி

டப்பாவைத் திறந்ததும் காடி நெடி வந்தால் அசிட்டேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். சூடும் ஈரமும் இந்தச் சிதைவை விரைவுபடுத்தும். சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழுள்ள பரணைவிட மோசமான இடம் பிலிமுக்கு இல்லை. சிதையும் பிலிம் சுருங்கும். சூப்பர் 8-இல் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையே சுமார் 4.23 மி.மீ.; பழைய 8 மி.மீ.-இல் 3.81 மி.மீ. நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கினாலே பற்களும் துளைகளும் பொருந்தாமல் போகும். அப்போது எவ்வளவு நன்றாகப் பராமரித்த நகமும் துளையைக் கிழிக்கவே செய்யும்.

அத்தகைய பிலிமை எந்த புரொஜெக்டரிலும் ஓட்டக்கூடாது. பற்கள் இல்லாத உருளைகளால் மெல்ல நகர்த்தி, ஒவ்வொரு சட்டகமாகப் படமெடுக்கும் ஸ்கேனர்கள் இருக்கின்றன. அதற்கு அனுப்புவதே வழி. அதுவரை நெடி வரும் சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து, வீட்டின் மிகக் குளிர்ந்த, காய்ந்த மூலையில் வைக்க வேண்டும். ஸ்கேன் செய்த பிறகும் மூலச் சுருளை எறியக்கூடாது. இந்தியாவில் பிலிம் பாதுகாப்புக்கென 1964 முதல் புணேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் உள்ளது. 2014-இல் தொடங்கிய ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் பாதுகாப்புப் பயிற்சிப் பட்டறைகளை நடத்துகிறது. 2017-இல் சென்னையிலும் ஒன்று நடந்தது.

மதிப்பீடு

'திரைப்படம் பராமரிப்புக் கையேடு அல்லவே, கவிதையில் பெல்டைத் தேடுவதா?' என்ற மறுப்பு நியாயமானது. 'செல்லோ ஷோ' ஒரு சிறுவனின் கண்வழிச் சொல்லப்படும் கதை. ஒன்பது வயதுப் பையனுக்கு இயந்திரத்தின் தேய்மானம் தெரியாது. அதன் அதிசயமும் அழிவும் மட்டுமே தெரியும். அந்த எல்லைக்குள் படம் நேர்மையாக இருக்கிறது. கரண்டி, வளையல் படிமங்களும் வெறும் அழுகை அல்ல. பொருள் அழிவதில்லை, வடிவம் மாறுகிறது என்ற ஆறுதலை அவை தருகின்றன. வளையல் அணிந்த கைகளைப் பார்த்துச் சமய் சினிமாக் கலைஞர்களை நினைத்துக்கொள்ளும் முடிவு மனத்தைத் தொடுவதே.

ஆனால் அந்த ஆறுதலுக்கு ஒரு விலை உண்டு. சிறுவர்கள் தங்கள் கருவியைச் செய்யும் பகுதியில் சினிமா என்பது கையால் செய்யக்கூடியது, கெட்டால் சரிசெய்யக்கூடியது என்ற அறிவு இருந்தது. பழைய சாமான்களிலிருந்து ஒரு புரொஜெக்டரையே பிறப்பித்த பிள்ளைகள் அவர்கள். அதே பிள்ளைகளில் ஒருவன், முழுமையாக இயங்கும் ஒரு புரொஜெக்டர் உருக்கப்படுவதைப் பார்வையாளனாக நின்று பார்க்கிறான். செய்யும் கை பார்க்கும் கண்ணாகச் சுருங்கிவிடுகிறது. படத்தின் முதற்பாதி எழுப்பிய எதிர்பார்ப்பை இறுதி கைவிடுவது இங்கேதான். உருக்கு உலையைத் தடுக்க ஒரு சிறுவனால் முடியாது என்பது உண்மை. ஆனால் அவனுடைய சொந்தக் கருவி என்ன ஆயிற்று, அதை யார் துடைத்து வைத்தார்கள் என்ற கேள்விக்கு இறுதிப்பகுதியில் இடமே இல்லை.

மாணவர்கள் இப்படத்தைப் பார்க்க வேண்டும். பார்த்த பின் இரண்டு வேலைகள் செய்யலாம். ஒன்று, ஒரு தையல் இயந்திரத்தின் பல் தகட்டைக் கையால் சுழற்றி, நகமும் நிறுத்தமும் எப்படி வேலை செய்கின்றன என்று வரைந்து பார்ப்பது. இரண்டு, உறவினர் வீடுகளில் பிலிம் சுருள் இருக்கிறதா என்று கேட்பது. இருந்தால் முதலில் டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். மேலே யார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி ஒட்டுங்கள். பரணிலிருந்து கீழே இறக்கி வையுங்கள். புரொஜெக்டரைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல், துடைத்து, விசையை விடுவித்து, மூடி வையுங்கள். ஓட்டிப் பார்க்கும் ஆசையைச் சில மாதம் தள்ளிப்போடுவதால் நட்டம் எதுவும் இல்லை. படத்தில் இருப்பவர்களை நேரில் அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அந்தப் பெயர்ச்சீட்டை எழுதிவிடுவதுதான் அவசரம்.